எண்ணெய் வைத்த தலையும் வெள்ளை மாத்திரையும்

இரண்டு விசைத்தறியோடு தொடங்கினேன். இன்று இருபத்துநாலு ஓடுகிறது. நாலாம் வகுப்பைத் தாண்டாதவன் சங்கரன்கோவிலில் மாடி வீடு கட்டினேன். நம் சபைக்குச் சுற்றுச்சுவர் எழுப்பியதும் நானே. இவ்வளவும் செய்த என்னால், என் பேத்தி ஜெமிமாவை ஐந்து நிமிஷம் ஓரிடத்தில் உட்கார வைக்க முடியவில்லை.

அவளுக்கு ஏழு வயது. போன ஆடியில், ஓடுகிற தறிக்குள் கையை நீட்டிவிட்டாள். விரல் தப்பியது தேவ கிருபை. அதே வாரம் பள்ளிக்கூடத்தில், அடுத்த வருஷம் இவளை வைத்துக்கொள்ள முடியாது என்றார்கள். உடைந்துபோனேன். மூன்று நாள் உபவாசம் இருந்தேன்.

திருநெல்வேலி டாக்டர் மூளையின் அலைகளைப் படம் எடுக்கச் சொன்னார். அன்று காலை ஜெபித்து, அவள் உச்சந்தலையில் தாராளமாக எண்ணெய் பூசிக் கூட்டிப்போனேன். வயர் ஒட்டவந்த அம்மா தலையைத் தொட்டதும் கையை எடுத்துவிட்டார்.

"யாரு அண்ணாச்சி இப்படி எண்ணெயில முக்கினது? வயர் ஒட்டவா செய்யும்? தலைக்கு ஊத்திக் கூட்டிட்டு வரச் சொன்னோம்லா?"

"ஜெபம் பண்ணின எண்ணெய், தாயி."

கூட வந்திருந்த என் மகள், ஜெமிமாவின் அம்மா, சொன்னாள்: "எண்ணெயக் கழுவினா ஜெபமும் கூடவே போயிராதுப்பா. வாங்க."

குழாயடியில் மூன்று முறை ஷாம்பு போட்டு நானே தேய்த்துக் கழுவினேன். திரையில் அலைகள் பாவு நூல் மாதிரி வரிசையாக ஓடின. கண்ணெடுக்காமல் பார்த்தேன். வலிப்பு இல்லை என்றார் டாக்டர். மூளையைச் சுறுசுறுப்பாக்கும் மாத்திரை எழுதினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஓடுத பிள்ளைக்கு இன்னும் வேகமா, சார்?"

"நிறுத்துத பகுதிதான் இவளுக்கு மந்தமா இருக்கு, அண்ணாச்சி. மாத்திரை அதைத்தான் எழுப்பும். ஆனா எல்லாப் பிள்ளைக்கும் ஒண்ணுபோலக் கேக்காது. அலையைப் பாத்து மட்டும் சொல்லிர முடியாது. கொடுத்துப் பாக்கணும்."

சட்டென்று விளங்கியது. குறுக்கே ஓடும் ஊடை நூல் அறுந்தால் தறி தானே நிற்க வேண்டும். நிறுத்துகிற பாகம் மந்தமானால் தறி சும்மா ஓடிக்கொண்டே இருக்கும். அதற்காகத் தறியை அடிப்போமா? நான் பிள்ளையை அடித்திருக்கிறேன். கர்த்தர் மன்னிப்பாராக.

முதல் இரண்டு வாரம் மாற்றம் இல்லை, சாப்பாடுதான் குறைந்தது. முழங்காலில் நின்று ஜெபித்தேன். டாக்டர் அளவை மாற்றினார். பிறகு ஒரு ஞாயிறு, ஆராதனை முடிவில் ஆசீர்வாதம் கூறும்வரை என் பக்கத்திலேயே இருந்தாள்.

"தாத்தா, கடைசில எல்லாரும் எழும்பி நிப்பாங்களா?"

அவள் அதுவரை பார்த்ததே இல்லை. அழுதுவிட்டேன்.

பிள்ளைகளோடு போராடுகிறவர்களே, ஜெபியுங்கள், டாக்டரிடமும் போங்கள். தலையில் எண்ணெய் வேண்டாம்.

போன ஞாயிறு ஸ்தோத்திர அறிவிப்பு வாசித்த நம் சபைப் போதகர் ஐயர் கர்த்தரைச் சொன்னார், டாக்டரைச் சொன்னார், மாத்திரையைக்கூடச் சொன்னார். மகிமை கர்த்தருக்கே. ஆனால் அந்தத் தலையை மூன்று முறை கழுவியவன் நான். வருகிற ஞாயிறு அதையும் சேர்த்து வாசிக்க வேண்டும்.