யேசுதாஸ் அண்ணனின் மௌன ஜெபம்

இப்போது எங்கள் சபையில் தனி ஜெப நேரம் வந்தால் தகரக் கூரையே அதிரும். ஆளாளுக்கு வாய்விட்டு ஜெபிப்பார்கள். புதிதாக வருகிறவர்கள், "எழுப்புதலான சபை" என்று மெச்சிவிட்டுப் போகிறார்கள். எனக்கோ அத்தனை சத்தத்திலும் ஒரு குரல் இல்லையே என்றிருக்கும். யேசுதாஸ் அண்ணனும் சின்னப்பொண்ணு அக்காவும் கட்டிக்கொடுத்த மகள் கிறிஸ்டினாவோடு இருக்க வேப்பம்பட்டுக்குக் குடிபோய்விட்டார்கள்.

அண்ணனுக்குக் கும்மிடிப்பூண்டியில் ஒரு ரோலிங் மில்லில் வேலை. பழுக்கக் காய்ந்த கம்பியை இடுக்கியால் பிடித்து மெஷினுக்குள் தள்ள வேண்டும். அந்த இரைச்சலில் நின்று நின்று காது மந்தமாகிவிட்டது. எதைச் சொல்வதானாலும் அவரிடம் கத்த வேண்டும். எங்கள் காலனியிலோ சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். "கொழம்புல உப்பு போதுமா?" என்று அக்கா அவரைக் கேட்டால், நாலு வீடு தள்ளி இருக்கும் நான் பதில் சொல்லலாம்.

அவர்கள் மகன் இம்மானுவேல் ஒருநாள் காலை வேலைக்குப் போகும்போது ஹைவேயில் லாரி மோதிப் போய்விட்டான். அதன்பிறகு அந்த வீட்டில் அவன் பேச்சே எழவில்லை. உப்பைப் பற்றிக் கத்தலாம், செத்த பிள்ளையைப் பற்றி எப்படிக் கத்துவது? அக்கா சபைக்கு வருவதையும் நிறுத்திவிட்டாள். "புள்ளைய பாத்துக்கோன்னு டெய்லி கேட்டேன். பாத்துக்கினாரா உங்க ஆண்டவரு?" என்பாள்.

சாலமோன் ஐயர் எங்கள் சபைக்குப் போதகராக வந்த புதிது அது. அதுவரை, கல்யாணத்துக்குச் சமையல்காரரை வைப்பதுபோல ஜெபத்துக்கு ஐயரை வைத்திருந்தோம். எங்களுக்கும் சேர்த்து அவரே பண்ணிவிடுவார். வந்த மாதமே புது ஐயர் அதில் கைவைத்தார்.

"உங்க அப்பாகிட்ட பேசறதுக்கு நடுவுல நான் எதுக்கு? இனிமே ஆராதனையில கொஞ்ச நேரம் அவங்கவங்க மனசுக்குள்ள பேசுங்க. ஊட்ல பேசற மாதிரியே பேசுங்க. நான் மணி அடிச்சா முடிச்சிடுங்க."

முதல் ஞாயிறு திருதிருவென்று விழித்தோம். நான் முன்னால் இருந்தவளின் புடவைக் கரையை ஆராய்ந்துகொண்டிருந்தேன். அப்போதுதான் ஆண்கள் பக்கமிருந்து அந்தக் குரல் கிளம்பியது.

"ஆண்டவரே, நான்தான் யேசுதாசு. ரோலிங் மில்லு."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அண்ணன் கண்ணை இறுக மூடியிருந்தார். மனசுக்குள் முணுமுணுப்பதாகத்தான் அவர் நினைப்பு. முணுமுணுத்ததோ மில்லில் பேசுகிற சத்தத்தில். பக்கத்தில் இருந்த வெல்டர் அன்பு அவர் தோளைத் தட்டிச் சொல்லக் கையைத் தூக்கினான். அடுத்து வந்ததைக் கேட்டு அந்தக் கை அப்படியே நின்றுவிட்டது.

"சின்னப்பொண்ணு உன் மேல கோவமா கீறா. அவள ஒண்ணும் பண்ணிடாத, அவ கோவம் நாயந்தான். தண்டிக்கிறதுன்னா என்னிய தண்டி. அன்னிக்கி நைட் ஷிஃப்ட் முடிச்சி வரும்போது நாஷ்டா வாங்கியாரேன்னு புள்ளயாண்ட சொல்லிட்டு மறந்துட்டேன். புள்ள வெறும் வயித்தோட பூட்டான், ஆண்டவரே."

ஐயர் மணி அடிக்க மறந்துவிட்டார். ஆராதனை முடிந்து அண்ணன் போன பிறகு, "யாரும் அவருகிட்ட சொல்லிடாதீங்க. சொன்னா பேசறத வுட்டுடுவாரு" என்றார். ஊர்வம்பு பேசாமல் சோறு இறங்காத நாங்கள், அந்த ஒரு விஷயத்தில் வாயைத் திறக்கவில்லை. வாராவாரம் அவர் அதையே சொல்லி அழுதார். அந்தச் சத்தத்தின் மறைவில் எங்களுக்கும் மெல்லத் தைரியம் வந்தது. அன்பு தன் குடியைப் பற்றிப் பேசினான். நான் என் மாமியாரைப் பற்றிப் பேசினேன். சொல்ல நிறைய இருந்தது.

சங்கடமெல்லாம் எனக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை அவர் அழுவதைக் கேட்பேன். திங்கட்கிழமை குழாயடியில் அக்கா புலம்புவாள்.

"கல்லு மனசுடி திலகா அந்த மனுசனுக்கு. புள்ளைக்கின்னு ஒரு சொட்டு கண்ணுத்தண்ணி வுட்டு நான் பாக்கல. இந்தப் பண்டிக முடியட்டும், பொதட்டூர்பேட்டையில எந்தங்கச்சியாண்ட பூடறேன். இந்தக் குடித்தனமே வாணாம்."

ஐயர் எங்கள் வாயைக் கட்டியது அண்ணனிடம் சொல்லாதே என்றுதான். அக்காவை அழைத்து வராதே என்று சொல்லவில்லையே!

அறுப்பின் பண்டிகை வந்தது. எங்களில் யாருக்கும் இப்போது அறுப்பும் இல்லை, களமும் இல்லை, எல்லாம் கம்பெனி வேலைதான். இருந்தாலும் கோழியும் பூசணிக்காயும் காணிக்கை கொடுத்து ஏலம் விடுவதை நாங்கள் நிறுத்தவில்லை. அக்கா கோழி வளர்த்தாள். "ஆண்டவர் மேலதானே கோவம், எங்க மேல இன்னா கோவம்? நீயே வந்து ஒரு கோழி குடுத்துட்டுப் போக்கா" என்று கெஞ்சி, சரியாகத் தனி ஜெப நேரத்துக்குக் கூட்டிவந்தேன்.

கோழியும் கையுமாக வாசலிலேயே நின்றாள். உள்ளே அண்ணன் பேசிக்கொண்டிருந்தார்.

"ஊட்ல நான் அழுதா அவ ஒடஞ்சி பூடுவா, ஆண்டவரே. அதான் உன்னாண்ட வந்து அழுவுறேன். புள்ள வெறும் வயித்தோட..."

அக்கா கோழியை என் கையில் திணித்தாள். பெண்கள் பக்கத்துப் பாய்களைத் தாண்டி, நேராக ஆண்கள் பக்கம் போய் அவரை ஒட்டி உட்கார்ந்தாள். அதுவரை அந்தப் பக்கம் ஒரு பெண் உட்கார்ந்து நாங்கள் பார்த்ததில்லை. அவள் பேசியது ஆண்டவரோடு, வாய் இருந்தது அண்ணன் காதோரம்.

"ஆண்டவரே, எம்புள்ள வெறும் வயித்தோட போவல! இவுரு வர லேட்டாவுதுன்னு நான் பழைய சோறு கரைச்சிக் குடுத்தேன். வேணும் வேணும்னு வாங்கிக் குடிச்சான். வயிறு நெறஞ்சிதான் போனான்!"

அண்ணன் கண்ணைத் திறந்து பக்கத்தில் பார்த்தார். "இன்னா சொன்ன?" என்றார்.

அக்கா தொண்டை கிழியக் கத்தினாள். "வயிறு நெறஞ்சிதான் போனான்!"

அவர் முகம் கோணியது. மறுபடியும், "இன்னா?" என்றார். அவருக்குக் கேட்டுவிட்டது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அக்காவுக்கும் தெரியும். ஆனாலும் அவர் கேட்கக் கேட்கச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.