இடப்பக்கத்து ஸ்ட்ரட்

என் கடையில் ஸ்ட்ரட்டை ஒற்றையாக விற்பதில்லை. வாங்கினால் ஜோடியாக வாங்க வேண்டும், இல்லையென்றால் நடையைக் கட்ட வேண்டும். போடியில் வேன் வைத்திருப்பவர்களுக்கு இது தெரியும். அந்த ஆள் ஒரு மாதிரி என்று சொல்லிக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். உங்களுக்கு ஸ்ட்ரட் என்றால் என்னவென்று தெரியாவிட்டால் பாதகமில்லை. வேனின் முன்சக்கரத்துக்கு மேலே ஒரு சுருள் ஸ்பிரிங்கும் அதற்கு நடுவில் ஓர் எண்ணெய்க் குழாயும் நிற்கும். பள்ளத்தில் இறங்கினால் வண்டி குதிக்காமல் பிடித்துக்கொள்வது அதுதான். இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று.

போன வாரம் தேவாரத்துக்காரர் ஒருவர் வந்தார். கழற்றிய பழைய ஸ்ட்ரட்டைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து மேசைமேல் வைத்து, இதே மாதிரி ஒன்று போதும், மற்றது நன்றாகத்தான் இருக்கிறது என்றார். நான் வழக்கம்போல் முறைத்தேன். சாக்கைப் பிரித்ததும் ஒரு வாடை வந்தது. கசிந்த எண்ணெயும் புழுதியும் சேர்ந்து சூட்டில் காய்ந்த வாடை, அதற்கு அடியில் ஏலக்காய். எங்கள் ஊரில் எந்தச் சாக்கை உதறினாலும் ஏலக்காய் மணக்கும், நாங்கள் அதைக் கவனிப்பதுகூட இல்லை. அன்றைக்கு ஏனோ இரண்டும் ஒன்றாக வந்ததும் சாக்கை அப்படியே திரும்பச் சுற்றி வைத்தேன். அவருக்கு ஒரு டீ சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

கடை வைப்பதற்கு முன்னால் நான் வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஏலத்தோட்டம் ஒன்றுக்கு ஆள் ஏற்றுகிற வேலை. காலையில் ராசிங்காபுரத்தில் பெண்களை ஏற்றி, போடிமெட்டு ஏறி, கேரளா பக்கத்துத் தோட்டத்தில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கொண்டுவர வேண்டும். ஏழு பேர் உட்கார வேண்டிய வண்டியில் பன்னிரண்டு பேர். கொண்டை ஊசி வளைவில் ஒற்றைக் கையால் ஸ்டியரிங்கை ஒடிப்பதுதான் உலகத்திலேயே பெரிய வித்தை என்று எனக்கு அப்போது நினைப்பு. பார்க்கத்தான் ஆள் இல்லை. பெண்களில் பாதிப்பேர் தூங்கிக்கொண்டு வருவார்கள், மீதிப்பேர் குமட்டலுக்கு எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு வருவார்கள்.

கண்ணை மூடாமல் வருபவர் பேச்சியம்மா அக்கா ஒருவர்தான். ஒல்லியான உடம்பு, ஓயாத வாய். எதிரே வருகிற ஜீப் ஒவ்வொன்றையும் யார் வண்டி, யார் ஓட்டுகிறான், அவன் பெண்டாட்டி எந்த ஊர் என்று சொல்லிவிடுவார். பல வருஷம் மலையில் காய் எடுத்ததில் மலையாளமும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் வித்தை காட்ட ஆரம்பித்தால், "பதுக்கெ போ தம்பி" என்பார். மெதுவாகப் போ என்று அர்த்தம். எல்லாரும் சிரிப்பார்கள், நானும் அசடு வழிந்துகொண்டு இரண்டு கையாலும் பிடிப்பேன்.

காய் எடுப்பு மும்முரமாக இருந்த சமயத்தில் வண்டி இடப்பக்கமாகச் சாய ஆரம்பித்தது. அந்தோணி அண்ணன் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அவர் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, எண்ணெய் முழுக்கக் கசிந்துவிட்டது, ஸ்பிரிங்கும் கீழே ஒரு சுற்று ஒடிந்திருக்கிறது என்றார்.

"ஒடிஞ்ச முனை டயருக்கு நேரா நிக்கிது மாப்ளே. இன்னும் ரெண்டு வெரக்கடை எறங்குச்சுன்னா ரப்பரைக் கிழிச்சுரும். வண்டியை விட்டுட்டுப் போ, ரெண்டு பக்கமும் மாத்தித் தர்றேன்."

சாமான் மதுரையிலிருந்து வர வேண்டும், இரண்டு நாள் ஆகும். இரண்டு நாள் வேன் வரவில்லையென்றால் தோட்டத்துக் கங்காணி வேறு ஊர் ஜீப்பை வரச்சொல்லிவிடுவார். அப்புறம் அந்தக் காய் எடுப்புச் சுற்று முடிகிறவரை எங்கள் பெண்களுக்கு வேலை கிடையாது. மறுநாள் காலையில் தயங்கித் தயங்கி அவர்களிடம் சொன்னேன். பேச்சியம்மா அக்கா தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு எல்லாரையும் வண்டியிலிருந்து இறங்கச் சொன்னார்.

"சாயிற பக்கம் ஒல்லி ஆளு, சாயாத பக்கம் கனத்த ஆளு. இதுக்குப் போயி எதுக்குத் தம்பி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?"

ஒவ்வொருவராகப் பேர் சொல்லி ஏற்றினார். பருத்த உடம்புக்காரர்கள் நாலு பேரும் வலப்பக்கம். முன்சீட்டில் இடது ஓரம், ஒடிந்த ஸ்பிரிங்குக்கு நேர்மேலே, அவரே உட்கார்ந்துகொண்டார். இருப்பவர்களில் எடை குறைந்தவர் அவர்தான். நான் இறங்கி, இரண்டு சக்கரத்துக்கு மேலேயும் கையை வைத்து அளந்து பார்த்தேன். இடப்பக்கம் நாலு விரல், வலப்பக்கம் நாலு விரல். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. டீக்கடையில் ஜீப் டிரைவர்களிடம் இதைப் பெருமையாக வேறு சொன்னேன்.

மதுரைக்குச் சொல்லிவிட்டிருந்த ஸ்ட்ரட் மூன்றாம் நாளே வந்துவிட்டது. அந்தோணி அண்ணன் ஆள் விட்டுக் கூப்பிட்டார். வண்டிதான் நேராக நிற்கிறதே, இந்தச் சுற்று முடியட்டும் என்று நான் சொல்லியனுப்பினேன். இரண்டு ஸ்ட்ரட்டும் அட்டைப்பெட்டிக்குள் பட்டறை மூலையில் கிடந்தன. வண்டி மேலும் பத்து நாள் மலை ஏறி இறங்கியது.

பத்தாம் நாள் சாயங்காலம் வலப்பக்கத்துப் பெண்கள் இரண்டு பேர், சொந்தக்காரப் பெண்ணுக்குப் பிரசவம் என்று தோட்டத்து லயத்துக் குடியிருப்பிலேயே தங்கிவிட்டார்கள். மற்றவர்கள் அவரவர் இடத்தில் ஏறினார்கள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. எல்லை தாண்டி இறங்க ஆரம்பித்ததும் பேச்சியம்மா அக்கா என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, இன்னைக்கு என் பக்கமாச் சாயுதே. எறங்கி மாறி ஒக்காருவமா?"

சாய்ந்தது எனக்கும் தெரிந்தது. நனைவானேன் என்று இருந்தது, வெரசாக வீட்டுக்குப் போகவும் வேண்டியிருந்தது.

"மழை வருதுக்கா. பதுக்கெ போறேன், ஒக்காருங்க."

அவருடைய சொல்லை நான் சொன்னதற்குச் சிரித்தார். நாலாவது வளைவில் டயர் வெடித்தது. ஸ்டியரிங் என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு இடப்பக்கம் திரும்பியது, வண்டி ஓரத்துக் கல்லில் போய் மோதி நின்றது. பின்னால் இருந்தவர்களுக்குச் சிராய்ப்புத்தான். பேச்சியம்மா அக்கா கல்லுக்கும் கதவுக்கும் நடுவில் இருந்தார். கீழே கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது.

போலீஸில் ஈரச்சாலை, டயர் வெடிப்பு என்று எழுதிக்கொண்டார்கள். யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெண்கள் கேட்கவில்லை, அந்தோணி அண்ணன்கூடக் கேட்கவில்லை. திருப்பூரிலிருந்து வந்த அக்காவின் மகன், "நீங்களாச்சும் பொழச்சீங்களே அண்ணே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவன் என்னை அடித்திருக்கலாம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஒரு மாதம் கழித்து, இரண்டு பக்கமும் புது ஸ்ட்ரட் போட்டு வண்டி வந்தது. பெண்களை ஏற்றிக்கொண்டு கிளம்பினால் வண்டி வலப்பக்கமாகச் சாய்கிறது. புதுச் சாமானே பழுது என்று அந்தோணி அண்ணனிடம் போய்ச் சண்டை போட்டேன். அவர் வண்டியைச் சமதரையில் நிறுத்தி அளந்து காட்டினார், ஒரு நூல் வித்தியாசம் இல்லை. ஆளோடு கொண்டுவரச் சொன்னார். மறுநாள் காலையில் பெண்களோடு பட்டறை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். அவர் சக்கரத்தைப் பார்க்கவில்லை, கதவைத் திறந்து உள்ளே பார்த்தார். அப்புறம் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப்போய்ச் சொன்னார்.

"வண்டி சரியாத்தான் இருக்கு. எல்லாரும் அந்தக்கா வச்ச எடத்துலயே ஒக்காந்திருக்காக. அந்தக்கா எடத்துல யாருமே ஒக்காரலை, பாத்தியா."

நான் ஓட்டுகிறவன், தினம் அந்தக் காலி இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனவன், பார்க்கவில்லை. கொஞ்சம் தள்ளி உட்காருங்களேன் என்று பெண்களிடம் கேட்டேன். யாரும் அசையவில்லை. பின்சீட்டில் அத்தனை நெருக்கத்திலும் முன்னால் அந்த இடத்தை விட்டுவிட்டுத்தான் வந்தார்கள். அந்தப் பருவம் முழுக்க வண்டி வலப்பக்கம் சாய்ந்தேதான் மலை ஏறியது. பருவம் முடிந்ததும் சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டேன்.

அதற்கப்புறம் வருஷத்துக்கு ஒருமுறை, யாரிடமும் சொல்லாமல், பைக்கில் அந்த வளைவுக்குப் போய்வருவேன். கல்லின் ஒரு மூலை உடைந்து, அதில் வண்டியின் நீலப் பெயின்ட் ஒட்டியிருக்கும். கொஞ்ச நேரம் அதில் கை வைத்து நிற்பேன். வீட்டிலும் கடையிலும் வாய் திறந்து சொல்ல முடியாததை அங்கே நின்று சொல்லிவிட்டு வருவேன்.

இடையில் சாலையை அகலப்படுத்தினார்கள். இந்த வருஷம் போனபோது அந்தப் பக்கத்துப் பாறையை உடைத்து வளைவையே வெட்டி எடுத்திருந்தார்கள். பழைய கற்கள் ஒன்றுகூட இல்லை, புதிதாகத் தகரத் தடுப்பு ஓடுகிறது. ஏறி இறங்கி மூன்று தடவை தேடினேன். நின்றிருந்த ஜீப்காரரிடம் பழைய நாலாவது வளைவு எது என்று கேட்டேன், அவர் கையை நீட்டிக் காட்டிய இடத்தில் வெறும் காற்றும் பள்ளமும்தான் இருந்தன. அக்காவிடம் மன்னிப்புக் கேட்க எனக்கென்று இருந்தது அந்த இடம் ஒன்றுதான். எங்கே நிறுத்துவதென்று தெரியாமல், நிறுத்தாமலே கீழே வந்துவிட்டேன்.