குச்சிக்கு முளைத்த கால்

காலையில் வேலைக்குப் பேர்கொடுக்கப் பெரட்டுக்குப் போகிற ஆட்கள் கண்மறைந்ததும் டெல்சி வேலிக்குச்சியைப் பிடுங்குவாள்.

இறம்பொடைப் பக்கத்துத் தோட்டமொன்றில், லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் அவளுக்கும் அடுத்த காம்பராவில் குடியிருக்கிற பேச்சியம்மாவுக்கும் ஒட்டினாற்போல் இரண்டு மரக்கறிப் பாத்திகள். நடுவில் எல்லையாக நிற்பவை கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகள் பதினாறு. வருடத்துக்கு ஒருமுறை, மழை ஓய்ந்ததும், அவற்றை ஒரு சாண் அந்தப் பக்கம் தள்ளி ஊன்றி, காலால் மண்ணை மிதித்து இறுக்குவாள். ஒரு வரிசை லீக்ஸ் கூடுதலாக நிற்கும்.

அவளுக்கு ஒன்றும் குறைவில்லை. மகள் பவுலின் குவைத்திலிருந்து மாதம் தவறாமல் அனுப்புகிறாள். ஆனாலும் லீக்ஸ் வாங்குகிற லொறி வந்து நின்றால், பூசையில் நன்மை வாங்கப் போகிறவள்போல் டெல்சியின் முகம் மாறிவிடும்.

பேச்சியம்மா சண்டை போடமாட்டாள். அடுப்படி ஜன்னலில் தலையை நீட்டி, "ஏன்டி டெல்சி, ஒங் குச்சிக்குக் காலு மொளைச்சிருச்சா?" என்பாள்.

"மழைக்கு நகந்திருக்கும்க்கா."

"மழ எம் பக்கமாத்தான் நகத்துமா? ஒங்க சாமியாருக்கிட்டக் கேட்டுச் சொல்லு."

தவக்காலத்தில் அதையும் கேட்டுக்கொண்டுதான் வருவாள். பாவசங்கீர்த்தனத்தை வெளியே சொல்லக்கூடாது என்பது சாமியாருக்குத்தானே, டெல்சி பீலிக்கரையில் துணி அலசியபடி எல்லோருக்கும் சொல்வாள்: "பிறத்தியார் பொருளுக்கு ஆசப்படாதங்கிறது பத்தாவது கட்டளையாம். எடுத்ததத் திருப்பிக் குடுன்னாரு. நான் நெனைக்கிறதே இல்ல சாமி, கைதான் போகுதுன்னேன். அப்ப அடுத்த தடவ கையையே கூட்டிட்டு வான்னுட்டாரு."

ஈஸ்டருக்கு முதல்நாள் குச்சிகளை இரண்டு விரல் திருப்பி ஊன்றுவாள். மனச்சாட்சிக்கு அது போதுமாயிருந்தது.

இந்தத் தையில் பேச்சியம்மா நெஞ்சுவலியில் போய்விட்டாள். கருமாதி முடிந்து கொழும்புக்குத் திரும்பக் கிளம்பிய மகன் சோலைமலை, காம்பராவைப் பூட்டிவிட்டு, "இனி யாரு இருக்கா? அம்மா பாத்தியையும் நீங்களே வச்சுக்கங்க சின்னம்மா" என்றான்.

தள்ளாமலே முழு நிலமும் வந்துவிட்டது. டெல்சி அதில் மண்வெட்டி வைக்கவில்லை. லொறிக்காரன் இருமுறை ஹோர்ன் அடித்துவிட்டுப் போனான். அவள் வெளியே வரவில்லை.

பெரிய வியாழனன்று காலையில் பதினாறு குச்சிகளையும் பிடுங்கினாள். பழைய எல்லை கொய்யா மரத்துக்கு நேரே இருந்தது. எந்த வருடமும் அது அவளுக்கு மறந்ததில்லை. அந்த நேருக்கே ஒவ்வொன்றாக ஊன்றிக்கொண்டு வந்தாள். அவளுடைய லீக்ஸ் ஆறு வரிசை பேச்சியம்மாவின் பக்கம் போய்விட்டது.

கடைசிக் குச்சி கையில் இருந்தது. மூடியிருந்த அடுப்படி ஜன்னலைப் பார்த்தாள். அந்த ஒன்றை மட்டும் ஒரு சாண் அந்தப் பக்கம் தள்ளி ஊன்றினாள். சத்தம் கேட்கும்படி மிதித்தாள். இடுப்பில் கைவைத்துக்கொண்டு காத்து நின்றாள்.

கொஞ்ச நேரம் கழித்துக் குனிந்து, அதையும் பிடுங்கி, மற்றவற்றின் நேருக்கு நட்டாள்.