விசாரணை அறையில் ஒரு தூக்கம்

யுத்த காலத்தில் நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சர்க்கார் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தேன். காலியாக இருந்த ஓர் இடத்துக்குப் பரீட்சை வைத்தார்கள். முதலாவதாக வந்தவர் மகாராஜபுரத்து ஞானமுத்து. வேலை கிடைத்ததோ எங்கள் ஹெட் கிளார்க்கின் மருமகனுக்கு. மேலதிகாரி ராஜபாளையத்தில் முகாம் போட்டிருந்தபோது, நான் தனியாகப் போய் அதைச் சொல்லிவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு எனக்குச் சரியான தூக்கமே இல்லை.

ஒருநாள் அந்த மேலதிகாரி விசாரணைக்கு வந்தார். ஆபீசைப் பெருக்குகிறவர் உட்பட எல்லோரையும் ஒவ்வொருவராக உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினார். என் முறையும் வந்தது.

"நீர் சொல்ல வேண்டியதை அன்னைக்கே சொல்லிட்டீர். இப்ப செத்த நேரம் சும்மா உக்காந்திரும். சட்டுனு வெளிய போனா உம்ம மேல சந்தேகம் வரும்" என்றார்.

உட்கார்ந்தேன். மாதக்கணக்கான அசதியில் அப்படியே தூங்கிப்போனேன். அவர்தான் மேஜையைத் தட்டி எழுப்பினார்.

சிவந்த கண்ணோடு வெளியே வந்த என்னைப் பார்த்து, அழுதிருக்கிறேன் என்று ஹெட் கிளார்க் நினைத்துவிட்டார். செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார்.

"உம்மையுமா இந்தப் பாடு படுத்துதாரு? எவனோ போய்ச் சொன்னதுக்கு நீர் என்ன செய்வீர்? தண்ணியக் குடியும்வே."

குடித்தேன்.

ஞானமுத்துவுக்கு வேலை கிடைத்தது. ஹெட் கிளார்க்கைத் தூர ஊருக்கு மாற்றினார்கள். சொன்னது யார் என்று கடைசிவரை ஆபீசில் யாருக்கும் தெரியவில்லை.

நான் செய்தது சரிதான். இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மாற்றலாகி ரயிலுக்குக் கிளம்பிய அன்று, அந்த ஆபீசில் ஹெட் கிளார்க் என் ஒருவனிடம்தான் சொல்லிக்கொண்டு போனார்.