பிராந்தி பாட்டிலில் புகையிலைத் தண்ணீர்

ஆறு வருஷத்துக்கு முன் எங்கள் நெல்லித்தோப்பு வீட்டு வாசலில் படர்ந்த கொடிரோஜாவின் வாசனை இன்றும் மனத்தில் இருக்கிறது. ஒருமுறை அதன் மொட்டுகளில் அசுவினிப் பூச்சி அப்பியது. புகையிலையை ஊறவைத்து வடிகட்டித் தெளித்தேன். மிச்சத்தைக் காலி பிரெஞ்சு பிராந்தி பாட்டிலில் ஊற்றி அலமாரியில் வைத்தேன். வைத்ததை டைரியில் எழுதினேன், பாட்டில்மேல் எழுதவில்லை.

அந்த ஞாயிறன்று பக்கத்திலுள்ள சாரம் பகுதியிலிருந்து என் மனைவியின் அண்ணன் வந்தார். நான் கடைக்குப் போய்த் திரும்பியபோது, அந்தப் பாட்டிலிலிருந்து ஊற்றிய கிளாஸ் அவர் வாயருகில் இருந்தது.

"மச்சான், குடிக்காதீங்க! அது ரோஜாவுக்கு வெச்சது!"

"ரோஜாவுக்கு பிரான்சு சரக்கு, எனக்கு மோரா?" என்று சிரித்தார்.

பாய்ந்து தட்டிவிட்டேன். விஷம் என்றதும் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்.

இப்போது தேவையானதை மட்டும் மண்சட்டியில் ஊறவைத்து, மிச்சமில்லாமல் தெளித்துவிடுகிறேன். மச்சானுக்கு எதைக் கொடுத்தாலும், அவர் எதிரில் முதல் மடக்கை நானே குடித்துக் காட்டுகிறேன்.