நான்காவது தட்டு

இது நடந்தது. நடந்த இடம் பெங்களூர் விவேக் நகர். நேரம் நள்ளிரவு இல்லை. பட்டப்பகல், வியாழக்கிழமை மத்தியானம். மல்லிகைப்பூ வாசனை, கொலுசுச் சத்தம், வெள்ளைப் புடவை என்று எதிர்பார்த்து வந்தவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். இதில் அதெல்லாம் கிடையாது. இருந்திருந்தால் லவினா இவ்வளவு பயந்திருக்க மாட்டாள்.

ஏனென்றால் பேய்ச் சத்தம் உண்டாக்குவதுதான் அவள் தொழில். சினிமாவுக்கு ஒலி சேர்க்கிறவள். கழுத்து முறிகிற சத்தத்துக்கு மைக் முன்னால் முருங்கைக்காயை உடைப்பாள். அந்தக் காயை அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோய் சாம்பாரில் போடுவாள். அப்படிப்பட்டவள் என்னிடம் இதைச் சொன்னபோது டீ டம்ளரைப் பிடிக்க முடியாமல் கீழே வைத்துவிட்டாள்.

'சுரங்க பூதம்' படத்தை நீங்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. உங்கள் அப்பா பார்த்திருப்பார். பார்த்துவிட்டு ஒரு வாரம் விளக்கை அணைக்காமல் தூங்கியிருப்பார். 1982-இல் கோலார் தங்கவயலில், மூடிக் கிடந்த ஒரு சுரங்கப் பாதைக்குள் எடுத்த படம். இப்போது அதைப் புதிதாக எடுக்கிறார்கள். பொங்கலுக்கு ரிலீஸ். போஸ்டர் வந்த நாளிலிருந்து இணையத்தில் ஒரே அடிதடி. கம்ப்யூட்டரில் செய்த பூதம் அந்த ரப்பர் பூதத்துக்கு ஈடாகுமா என்று பல் முளைக்காத பிள்ளைகள்கூட சண்டை போடுகிறார்கள்.

அந்த ரப்பர் உடுப்புக்குள் இருந்தவர் சாலமன். லவினாவின் அப்பா.

நடிகர் ஒன்றும் இல்லை. சுரங்கத் தொழிலாளி. உடுப்புக்குள் போக வந்திருந்த ஆள் சூடு தாங்காமல் இரண்டாம் நாளே மயங்கி விழுந்துவிட்டான். பூமிக்குள் வெந்தே பழகிய நெட்டையான சாலமனைப் பிடித்து உள்ளே நுழைத்துவிட்டார்கள். உறுமலும் அவர் தொண்டையிலிருந்து வந்ததுதான். டைட்டிலில் பெயர் போடவில்லை.

இப்போது அவருக்கு எழுபது வயது. கல் தூசி தின்ற நெஞ்சு. பெங்களூர் ஈஜிபுரா வீட்டில் இரும்புக் கட்டிலை விட்டு அதிகம் இறங்குவதில்லை. ஆனால் அந்தப் படம் என்றால் மட்டும் எழுந்து உட்கார்ந்துவிடுவார். "பொங்கல் வரிக்கும் நான் இருக்கணும்மா. தியேட்டர்ல உக்காந்து கேக்கணும்." அதை மட்டும் தினமும் சொல்வார்.

லவினா டைரக்டர் சுஹாஸிடம் நேராகவே போய்க் கேட்டாள். பழைய ஒலிநாடாவிலிருந்து அசல் உறுமலைச் சுத்தமாகப் பிரித்துக் கொடுத்தால் புதுப் படத்தில் வைப்பீர்களா? அவர் சரி என்றார். ஒரே நிபந்தனை. வியாழன் மாலை ஐந்துக்குள் வர வேண்டும். இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் உறுமல்.

அந்த வியாழன் மத்தியானம் 2.10-க்கு அவள் உட்கார்ந்தாள்.

ஸ்டூடியோ குழந்தை இயேசு கோயில் ரோட்டில், ஒரு மெழுகுவர்த்திக் கடைக்கு மேல்மாடி. வியாழன் என்றால் நவநாள். கீழே கூட்டம், ஆட்டோ, மைக்கில் ஜெபம். எடிட்டிங் அறைக் கதவைச் சாத்தினால் எல்லாம் அறுந்துபோகும். ஜன்னல் கிடையாது. சுவரெல்லாம் பஞ்சு. ஒரு மூலையில் ஏ.சி.யின் இரும்புக் குழாய் மட்டும் மேலேயிருந்து கீழே இறங்கும்.

முதல் டேக், இரண்டாவது டேக் சரியாக இருந்தன. அப்பாவின் இளம் குரல். லவினாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

2.35. மூன்றாவது டேக்.

உறுமல் பாதியில் நின்றது.

அப்பா ஏன் நிறுத்தினார்? லவினா காத்திருந்தாள். நாடா ஓடிக்கொண்டே இருந்தது. யாரும் 'கட்' சொல்லவில்லை. ரப்பர் கால்கள் தொம் தொம்மென்று ஓடும் சத்தம் தூரமாகப் போனது.

அதற்கப்புறம்...

டக். டக். டக்.

இரும்பில் இரும்பு. பத்து நொடி அமைதி. மறுபடியும் மூன்று.

நாடாவின் கோளாறு என்று நினைத்தாள். அந்த இடத்தை வெட்டினாள். மறுபடி ஓட்டினாள்.

டக். டக். டக்.

திரையில் ஒலிக்கோடு தட்டையாகக் கிடந்தது. மேடு இல்லை, பள்ளம் இல்லை. ஆனால் காதில் கேட்டது.

3.05. ஸ்டூடியோ முதலாளி ஓஸ்வால்டைக் கூப்பிட்டாள். அவர் ஹெட்ஃபோனை மாட்டிக் கேட்டார்.

"ஒண்ணுமே இல்லியே லவினா."

"நல்லா கேளுங்க சார்."

"மத்தியானம் சாப்ட்டியா நீ? நான் கீழ போய் டீ சொல்லிட்டு வரேன்."

போனவர் நவநாள் கூட்டத்தில் மாட்டிக்கொண்டார் போல. வரவில்லை.

3.20. ஹெட்ஃபோனை மாற்றினாள். அதே மூன்று.

3.31. கரண்ட் போனது. ஏ.சி. நின்றது.

யு.பி.எஸ். கீச் கீச்சென்று கத்தியது. ஐந்து நிமிடம். பிறகு அதுவும் செத்தது. திரை இருண்டது. தன் மூச்சு தனக்கே கேட்டது அவளுக்கு.

ஹெட்ஃபோன் ஒயரைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டாள். செல்போன் வெளிச்சத்தில் கதவை நோக்கி இரண்டடி வைத்தாள்.

டக்...

டக்...

டக்...

ஹெட்ஃபோனிலிருந்து இல்லை.

ஏ.சி. குழாயிலிருந்து.

லவினா நின்றுவிட்டாள். ஓடத்தான் நினைத்தாளாம். ஆனால் அது மிரட்டுகிற சத்தமாக இல்லை. களைத்துப்போன சத்தம். முதலில் கேட்டதைவிட மெதுவாக இருந்தது. கையைத் தூக்க முடியாத ஒருவர் தூக்கித் தட்டுகிற மாதிரி. பயத்தைவிடப் பரிதாபம்தான் பெரிதாக இருந்தது என்கிறாள்.

இங்கேதான் அவள் அந்தத் தப்பைச் செய்தாள்.

அவர்கள் வீட்டில் ஒரு பழக்கம். சாலமனுக்கு மூச்சு வாங்கும்போது கூப்பிட முடியாது. கட்டில் இரும்பில் ஒரு தட்டு தட்டுவார். சமையல்கட்டிலிருந்து லவினா இரண்டு தட்டு பதில் தட்டுவாள். நீ ஒன்று, நான் ஒன்று, இதோ வருகிறேன் என்று அர்த்தம். எண்ணிக்கையோடு ஒன்று கூட்ட வேண்டும். சுரங்கத்துப் பழக்கம் என்று அவர்தான் சொல்லிக் கொடுத்திருந்தார். அதற்கு மேல் அவள் கேட்டதில்லை.

மணி 3.41. செல்போனில் பார்த்தாள்.

கைக்கு அகப்பட்ட சாவிக்கொத்தை எடுத்தாள்.

குழாயில் தட்டினாள். டக். டக். டக்.

ஒரு கணம் தயங்கினாள்.

டக்.

அமைதி.

பிறகு...

டக்டக்டக்டக்டக்டக்டக்!

எண்ண முடியவில்லை. குழாய் முழுக்க அதிர்ந்தது. பல கைகள். வேலையிலிருந்து வருகிற அப்பாவைப் பார்த்துவிட்ட பிள்ளைகள் கதவைத் தட்டுகிற மாதிரி அடங்காத அவசரம்.

அது சந்தோஷம். லவினா அடித்துச் சொல்கிறாள். அது சந்தோஷம்.

நின்றது.

யாரோ நிம்மதியாக மூச்சு விட்டார்கள்.

அவள் கழுத்துக்குப் பின்னால்.

3.44-க்குக் கரண்ட் வந்தது. அறையில் யாரும் இல்லை. அதற்குப் பிறகு அந்தத் தட்டு கேட்கவே இல்லை. நாடாவிலும் இல்லை. லவினா இரண்டாவது டேக்கைச் சுத்தம் செய்து 4.50-க்கு அனுப்பினாள். உறுமல் படத்தில் இருக்கும் என்று சுஹாஸ் மறுநாள் காலையிலேயே செய்தி அனுப்பிவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி. லவினா டீயோடு போய்க் கட்டில் ஓரம் உட்கார்ந்து சொன்னாள்.

"உன் சத்தம் படத்துல வருதுப்பா. ஓகே பண்ணிட்டாங்க."

சாலமன் சிரிக்கவில்லை.

"எந்த டேக்கு?"

"ரெண்டாவது."

"மூணாவது இல்லியா? அதுலதான மா அது கீது..."

"எதுப்பா?"

அவர் வெகுநேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டார்.

"அன்னிக்கு நான் ஷிஃப்டு மாத்திக்கினு ஷூட்டிங் போனேன். எனக்குப் பதிலா என் கூட்டாளி டெரிக் சுரங்கத்துல எறங்கினான். பாறை வெடிச்சிடுச்சி. டெரிக்கோட சேத்து மூணு பேரு உள்ள மாட்டிக்கினாங்க. அவங்களுக்குக் காத்து போற இரும்புக் குழாய் நாங்க ஷூட்டிங் பண்ற எடம் வழியாத்தான் போவும். மூணாவது டேக்குல அந்தக் குழாய்ல தட்டு கேட்டுச்சி. உடுப்போட ஓடினேன்."

லவினாவின் கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது.

"அப்புறம்?"

"நாங்க இந்தப் பக்கம் உடைச்சோம். பக்கத்து ஷாஃப்டு குழிவழியா எறங்கின ஆளுங்க அந்தப் பக்கம். தட்டு கேட்ட எல்லாரும் பதில் தட்டக் கூடாதும்மா. கிட்ட போய்ச் சேந்தவன் மட்டுந்தான் ஒண்ணு கூட்டித் தட்டணும். வந்துட்டேன்னு அர்த்தம். மத்தியானம் நாலு தட்டு கேட்டுச்சி. ஃபோர்மேன் வாட்ச்ச பாத்து எழுதினாரு. மூணு நாப்பத்தி ஒண்ணு."

லவினா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பக்கத்து ஷாஃப்டுக்காரங்க போய்ச் சேந்துட்டாங்கன்னு நாங்க கடப்பாறைய கீழ வெச்சிட்டோம். நாங்க சேந்துட்டோம்னு அவங்க வெச்சிட்டாங்க. உள்ள இருந்தவங்களும் வந்துட்டாங்கன்னு தட்டறத நிறுத்திட்டாங்க. ரெண்டு பக்கமும் வேலை நின்னு போச்சி. விஷயம் தெரியறப்ப ராத்திரி ஒம்போது மணி. எட்டு அடிதாம்மா பாக்கி. எட்டே அடி. டெரிக் அப்பதான் போயிருந்தான். ஒடம்புல சூடு கூட அடங்கல."

"யாரு... யாரு தட்டினதுப்பா?"

"நாப்பத்திரெண்டு வருசமா ஒவ்வொருத்தனா கேட்டுட்டேன். நாங்க தட்டலன்னு சிலுவையத் தொட்டு சத்தியம் பண்ணாங்க. எனுக்கு எம்பேரும் வாணாம், உறுமலும் வாணாம். அந்த மூணாவது டேக்கு தியேட்டர்ல வரணும். எங்கியோ உக்காந்து அவன் கேப்பான். மனசு தாங்காம எங்கிட்ட வருவான். எதுக்குடா தட்டினன்னு ஒரே ஒரு தபா கேக்கணும். அதுக்குத்தான் இந்த உசுரப் புடிச்சிக்கினு கீறேன்."

"அந்த சத்தம் உனக்கு இன்னும் ஞாபகம் இருக்காப்பா?"

"மறக்குமா?"

சாலமன் கட்டிலின் இரும்பில் விரல் மோதிரத்தால் தட்டிக் காட்டினார்.

டக். டக். டக்.

ஒரு கணம் நிறுத்தினார். நேற்று குழாய் முன்னால் லவினா தயங்கியது எவ்வளவு நேரமோ, சரியாக அவ்வளவு நேரம்.

டக்.

பொங்கலுக்கு இன்னும் அறுபத்தொரு நாள் இருக்கிறது. மூன்றாவது டேக்கையும் சேர்க்கச் சொல்லி லவினா சுஹாஸிடம் கேட்பாள் என்று சாலமன் நம்பிக்கொண்டிருக்கிறார். தினமும் காலையில் அவரே காலண்டர் தாளைக் கிழிக்கிறார். டாக்டர்களே ஆச்சரியப்படுகிறார்கள், நெஞ்சு முன்னைக்குத் தேவலாமாம். யாரோ ஒருத்தன் வந்து தன்னிடம் ஒப்புக்கொள்ளப் போகிறான் என்று அவர் காத்திருக்கிறார்.

லவினா இன்னும் அவரிடம் சொல்லவில்லை.