சித்தியின் செவ்வாய்

அப்போதெல்லாம் எங்கள் வீட்டில் செவ்வாய் என்ற சொல்லைக் கிழமையைக் குறிக்கக்கூடத் தயங்கித்தான் சொல்வார்கள். அம்மாவின் தங்கையான சித்தியின் சாதகத்தில் செவ்வாய்க் குற்றம் இருந்தது. அப்படிப்பட்ட பெண்ணைக் கட்டினால் மாப்பிள்ளை உயிரோடு இருக்கமாட்டார் என்பது ஊர்க் கதை. வந்த சம்பந்தமெல்லாம் அதனாலேயே தட்டிப்போனது. கடைசியில் மாமா ஒரு சாத்திரியாரைப் பிடித்துச் சாதகத்தை மாற்றி எழுதுவித்தார். பொருத்தம் சரிவந்தது. கப்பல்துறையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருவதாக நாள் வைத்தார்கள்.

நான் ஏழாம் வகுப்பு. அந்த வாரம்தான் பள்ளிக்கூடத்தில் செவ்வாய்க் கிரகத்தைப் பற்றிப் படித்திருந்தேன். குசினியில் முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்த சித்தியிடம் அதை ஒப்புவித்தேன். சூரியனிலிருந்து ஓயாமல் ஒரு காற்று வீசுகிறது; பூமியை அதன் காந்தப்புலம் காக்கிறது; செவ்வாய்க்கு அந்தக் காவல் எப்போதோ போய்விட்டது; அதனால் சூரியக் காற்று அதன் வளிமண்டலத்தைச் சிறுகச் சிறுக அள்ளிக்கொண்டு போகிறது.

"இப்பவும் போகுதோ?" என்று கேட்டார் சித்தி.

"ஓம் சித்தி. முந்தி அங்க ஆறும் ஓடினதாம்."

சித்தி எண்ணெய்ச் சட்டியை மறந்து நின்றார். ஒரு முறுக்கு கருகியது.

மாப்பிள்ளை வீட்டார் வந்து, ஓர்ஸ் ஹில்லில் இருந்த எங்கள் வீட்டு விறாந்தையில் கதிரைகளில் அமர்ந்தார்கள். தேத்தண்ணி கொடுத்த சித்தி வழக்கப்படி உள்ளே போய்விடவில்லை. என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, செவ்வாயைப் பற்றிப் படிச்சனீயெல்லே, சொல்லு."

மாமாவின் முகம் வெளிறியது. நானோ பாராட்டுக் கிடைக்கப்போகிற சந்தோசப் புளுகத்தில் ஒரு வரி விடாமல் சொன்னேன். "தன்ர காற்றையே காப்பாற்ற ஏலாத கிரகம். அது ஒருத்தரையும் ஒண்டும் செய்யாது" என்று என் பங்குக்கும் சேர்த்துவிட்டேன்.

சித்தி மாப்பிள்ளையின் தாயாரைப் பார்த்தார். "எனக்குச் செவ்வாய்க் குற்றம் இருக்கு அம்மா. சாதகத்தை மாத்தினவை. உங்களிட்ட மறைச்சுக்கொண்டு வாழ என்னால ஏலாது."

அந்த அம்மா கோபப்படவில்லை. தேத்தண்ணியை மெல்லக் கீழே வைத்து, "சொன்னது நல்லது பிள்ளை" என்றார். பிறகு எல்லோரும் எழுந்து போனார்கள். மாமா அதன்பின் வெகுநாள் என்னோடு கதைக்கவில்லை.

பின்னேரம் சித்தியிடம் போய், "நான் பிழையாச் சொல்லிப்போட்டனோ?" என்று கேட்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"இல்லை. வடிவாச் சொன்னனீ" என்று என் தலையைத் தடவினார். அவரும் அழுதிருந்தார்.

உண்மையைச் சொல்ல அவருக்கு நான் தேவைப்பட்டிருக்கவில்லை. அதைச் சொல்வதற்கு முன், செவ்வாய் ஒருவரையும் கொல்லாது என்று அந்த விறாந்தையில் யாராவது ஒருவர் சொல்லிக் கேட்கவேண்டும் என்று அவர் ஏங்கியது அன்று எனக்கு விளங்கவில்லை.